பார்த்துப் பண்ணிக்கலாம்

போகிக்கு இரண்டு நாள் முன்பு பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஈயம் போன அண்டா, ஓடாத மிக்ஸி, கொலுப் பலகைகள் எல்லாம் இறங்கிய பிறகு மூலையில் ஒரு பிளாஸ்டிக் பை. முடிச்சை அவிழ்க்கும்போதே வாடை வந்துவிட்டது. சேறும் டீசலும் ஊறிக் காய்ந்த காகிதத்தின் வாடை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுப் பக்கம் குடியிருந்த யாரிடம் வேண்டுமானாலும் நீட்டுங்கள். எந்த வருஷத்து வாடை என்று சொல்லிவிடுவார்கள்.

உள்ளே இருந்தது எங்கள் சந்தா நோட்டு. பொரித்த அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் நெளிந்து உப்பியிருந்தது. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து வெறும் நீலத் திட்டாகிவிட்டது. பால்பாயிண்ட் எழுத்து மட்டும் நிற்கிறது. ‘சேலையூர் 150, பம்மல் 150, வரதராஜபுரம் பாக்கி.’ யாருக்கும் பேர் எழுதும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஊர்ப் பேர்தான்.

“இதையும் போட்டுடலாமாம்மா?” என்றாள் மகள்.

“அதைத் தொடாதே” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அக்கம்பக்கத்துக்கு இலவசமாகப் போடுகிற வாரப் பத்திரிகை ஒன்றில் அப்போதெல்லாம் விளம்பரம் பிடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பாக்கெட்டோடு வாசலில் கிடக்குமே, அந்த மாதிரிப் பத்திரிகை. சண்முகம் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம். முட்டி வலி வந்ததும் நின்றுகொண்டேன். ஆனால் பழகியவர்கள் விடவில்லை. டிசைன் போடுகிற பையன்கள், மொழிபெயர்ப்பவர்கள், கல்யாண போட்டோ எடுப்பவர்கள், வெப்சைட் பண்ணுகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “வேலை நல்லா தெரியுதுக்கா. ஆளைப் பிடிக்கத்தான் தெரியல. சொல்லிக் குடுங்களேன்.”

தாம்பரம் ரயில் ஏறி ஆபீஸ் போகிற ஊர். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற பாதை இது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை சீசன் டிக்கெட் எடுத்துக் கோட்டைக்கும் பாரிமுனைக்கும் போய் வந்த வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஊரில் காலை பதினொரு மணிக்கு ஒரு ஆண்பிள்ளை லுங்கியோடு பால்கனியில் நின்றால் போச்சு. “எந்தக் கம்பெனி?” என்று வீட்டுக்காரர் கேட்பார். “சொந்தமா பண்றேன்” என்றால், அடுத்த மாச வாடகை வருமா என்று அவருக்கு வயிற்றைக் கலக்கும். பெண் கொடுக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆளுக்கு ஆள் தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்ததில், தன் கஷ்டம் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மாடி அறை காலியாக இருந்தது. மாதத்தில் இரண்டாவது, நாலாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு வாருங்கள் என்றேன். இரண்டு ஜமுக்காளம் விரிக்கலாம்; ஒன்றில் ஏழு பேர் சிரமமில்லாமல் உட்காரலாம். அதனால் பதினாலு பேர். வேறு எந்தக் கணக்கும் அதில் இல்லை. மாதச் சந்தா 150 ரூபாய். போர்ன்விட்டா டப்பாதான் கஜானா. கூட்டத்துக்குப் பேர் வைக்கச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. அவர்களே ‘ஞாயிறு மாடி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் மூன்று மாதம் பாடம் நடத்தினேன். பிலிப் காட்லர் புத்தகத்தை வைத்துக்கொண்டு பொருள், விலை, இடம், விளம்பரம் என்று போர்டில் எழுதினேன். எல்லோரும் பவ்வியமாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கீழே மாமியார் சுண்டல் தாளிக்கும் வாசனை வந்ததும் எழுந்து போனார்கள். யாருக்கும் ஒரு வேலை கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

திருப்பம் சேலையூரால் வந்தது. இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர். முப்பது வயதிருக்கும். ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே அவருக்குப் போன் வந்தது. மருத்துவக் கையேடு, நாற்பது பக்கம். எழுந்து வெளியே போகாமல் அங்கேயே பேசினார். பதிமூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“வார்த்தைக்கு ஒன்றரை ரூபா சார்.” சரியாகச் சொன்னார். எதிர்முனை ஒன்றும் பேசவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. சேலையூரின் விரல் ஜமுக்காளத்து நூலைப் பிடித்துத் திருகியது. “ஆனா பரவால்ல சார், பார்த்துப் பண்ணிக்கலாம்.” இன்னும் மௌனம். “ஒரு ரூபான்னா கூட ஓகே சார்.” கடைசியில் எண்பது பைசாவுக்கு முடிந்தது. அந்த மனிதர் பேரம் பேசவே இல்லை. இவரே கேள்வி கேட்டு, இவரே பதில் சொல்லி, இவரே இறங்கிவிட்டார்.

போனை வைத்ததும் அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் கடைசியாக எப்போது அந்த வார்த்தையைச் சொன்னோம் என்று யோசித்த மாதிரி இருந்தது. பம்மல் தம்பிதான் வாய் திறந்தான். “அக்கா, நானும் இதேதான் சொல்லுவேன். அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்.”

போர்டை அழித்தேன். அன்றிலிருந்து எங்கள் பாடம் அந்த ஒரு வாக்கியம்தான். கடைக்காரரிடம் நாம் ‘பார்த்துப் போட்டுக் குடுங்க’ என்போம். அது வாங்குகிறவர் வாய்ப் பேச்சு, அதில் தப்பில்லை. விற்கிறவரே ‘பார்த்துப் பண்ணிக்கலாம்’ என்று ஆரம்பித்தால் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ஒருவர் வாடிக்கையாளராக உட்கார்வார். இன்னொருவர் தன் விலையைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் பயிற்சி. எழுதும்போது எளிதாக இருக்கிறது. பத்து எண்ண முடியாமல் வியர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறிச் சொன்னால் அஞ்சு ரூபாய் அபராதம். அதை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தோம். அபராதக் காசில் போண்டா.

எத்தனை நாளைக்கு இப்படி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பது என்று ஒரு ஞாயிறு எல்லோரையும் ரயிலில் ஏற்றினேன். தாம்பரத்திலிருந்து கிண்டிவரை. விற்கிறவர்களைப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

சானடோரியத்தில் ஒருவர் ஏறினார். தோளில் ரெக்சின் பை, கையில் தோல் சீவும் கத்தி ஒன்றும் வெள்ளரிக்காய் ஒன்றும். அவர் முதலில் பேசவே இல்லை. வெள்ளரிக்காயைச் சீவ ஆரம்பித்தார். தோல் அறுபடாமல் ரிப்பன் மாதிரி நீண்டுகொண்டே இறங்கியது. குரோம்பேட்டை தாண்டும்போது பெட்டியில் பாதிப் பேர் அந்தத் தோல் எப்போது அறுபடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபடவில்லை. சீவிய காயை எதிரே இருந்த குழந்தையிடம் கொடுத்தார். பிறகு ஒரு கத்தியை ஓர் அம்மாவின் மடியில் வைத்தார், இன்னொன்றை என் கையில் கொடுத்தார். பல்லாவரம் வந்தது. “இருபது ரூபா.” ஒரே தடவை. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்! திரிசூலம் வருவதற்குள் ஏழு கத்தி போய்விட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போனார்.

சேலையூர் என் பக்கம் திரும்பி, “பதினாறு எண்ணினேங்க்கா” என்றார்.

இன்னொரு சொல்லும் எங்களுக்குள் புழங்கியது: பாக்கெட் போடு. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்பு மாதிரியான பொருட்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று வழி காட்டியவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகக் கிளம்பிச் சிக் ஷாம்பு போட்டார். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான். முழு பாட்டில் வாங்கத் தயங்குகிறவர் கையில் ஒரு குளியலுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடு என்பது கணக்கு. இதைச் சொன்னபோது பல பேர் இலவசமாகச் செய்து காட்டுவது என்று புரிந்துகொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாக்கெட்டில் சுருங்கியது அளவுதான், தரம் குறையவில்லை; அதையும் காசுக்குத்தான் விற்றார்கள். நாற்பது பக்கம் கேட்கிறவரிடம் இரண்டு பக்கம் செய்து கொடு, அந்த இரண்டு பக்கத்துக்கு முழு விலை வாங்கு. இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு வேலை வந்தது.

கணக்கு விஷயங்களுக்கு பீர்க்கன்கரணை சார் இருந்தார். மெப்ஸ் ஏற்றுமதி வளாகக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், கூட்டத்திலேயே மூத்தவர். கம்பெனிகள் நூற்றுக்குப் பத்து வரியாகப் பிடித்துக்கொண்டு மிச்சம் கொடுப்பதை எல்லோரும் போனது போனதுதான் என்று விட்டுவைத்திருந்தார்கள். சார் ஒவ்வொருவருக்கும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துக் காட்டினார். “இது உங்க காசும்மா. கணக்குத் தாக்கல் பண்ணினா திரும்பி வரும்.” சேலையூருக்கு இரண்டு வருஷத்துப் பணம் பதினோராயிரத்துச் சொச்சம் வந்தது. சிறுதொழிலாகப் பதிவு செய்துகொண்டால், 2006-ஆம் வருஷச் சட்டப்படி, வாங்குகிறவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி உண்டு என்று பில்லின் அடியில் அச்சடிக்க வைத்ததும் அவர்தான். பம்மல் தம்பி அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். சார் அதைச் சின்ன எழுத்தாக்கச் சொன்னார். “மிரட்டற மாதிரி இருக்கக் கூடாதுப்பா. ஞாபகப்படுத்தற மாதிரி இருக்கணும்.”

பிறகு அந்த மழை. டிசம்பர் 1 காலை பிடித்தது. ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று பின்னால் பேப்பரில் படித்தோம். ராத்திரி அடையாறு கரை மீறி வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. எங்கள் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சந்தா நோட்டு கீழே அலமாரியில் இருந்தது. போர்ன்விட்டா டப்பா மட்டும் மூடியோடு மிதந்து மாடிப்படி ஓரம் வந்து நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவில் படகு.

தண்ணீர் வடிந்த பிறகு முதலில் வந்தது சேலையூர். கிழக்குத் தாம்பரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். கையில் தண்ணீர் கேன், மெழுகுவத்தி, இரண்டு ரொட்டி. “பதினாலு பேர்ல பதிமூணு பேர் கணக்கு வந்திருச்சுக்கா. வரதராஜபுரம்தான் தெரியல.” நான் இன்னும் என் வீட்டுச் சேற்றையே தள்ளி முடிக்கவில்லை. அவர் அதற்குள் ஜமுக்காளத்தில் யார் யார் எங்கே உட்கார்வார்கள் என்று மனசுக்குள் வைத்து எண்ணியிருக்கிறார்.

வரதராஜபுரம் தம்பி கல்யாண போட்டோக்காரன். மறுநாள் கிடைத்தான். கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் போய்விட்டன. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி இருந்திருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு அஞ்சு லிட்டர் குக்கர். சாப்பாடாக்கும் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டில் சுற்றி மூன்று ஹார்ட் டிஸ்க். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த மூன்று கல்யாணம். கழுத்தளவு தண்ணீரில் குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு சுவர் ஏறியிருக்கிறான். “கேமரா வாங்கிக்கலாம்க்கா. அவங்க கல்யாணம் இன்னொரு தடவை நடக்காதுல்ல?”

டப்பாவில் இருந்த 4,350 ரூபாயையும் அவனிடம் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றான். பிறகு வாங்கினான்.

குக்கரைப் பற்றி எழுத இன்னொரு காரணம் இருக்கிறது. சில மாதம் கழித்து மாடியில் விலை சொல்லும் பயிற்சியில் அவன் முறை வந்தது. பழைய விலையையே முனகினான். “குக்கரைச் சொல்லேண்டா” என்றான் பம்மல். வரதராஜபுரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “அதைச் சொல்லிக் காசு கேக்கறதா? அசிங்கமா இருக்காது?” பெரிய வாக்குவாதம். பாதிப் பேர் அவன் பக்கம். சுண்டல் கொண்டுவந்த மாமியார் நின்று கேட்டார். கணவர் போன பிறகு வடாம் போட்டு விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். “நடக்காததைச் சொன்னாத்தான்டா வெக்கம். நடந்ததைச் சொல்றதுக்கு என்ன?” என்றார். கடைசியில் கதையாகச் சொல்ல வேண்டாம், வேலையாகச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. ‘உங்கள் படங்கள் இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு வீடுகளில், இரண்டு வருஷம் பத்திரமாக இருக்கும்.’ அதற்கேற்ற விலை. ஏன் என்று கேட்டால் மட்டும் குக்கரைச் சொல்வான். எல்லோரும் கேட்டார்கள்.

2016 நவம்பரில் டப்பாவுக்குள் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டெல்லாம் செல்லாது என்றானது. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி வந்தது. அதுவரை அது எங்களுக்கு வாசலில் போகிற சாலையின் பேர். அதையெல்லாம் எப்படியோ தாண்டினோம். பம்மல் தம்பிக்கு வந்த அடி வேறு மாதிரி. அவன் பிழைப்பே ஃபிளெக்ஸ் டிசைன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும், காலையில் பேனர் நிற்கும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ரோட்டு நடுவில் வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவள் இறந்துபோனாள். வேலைவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பெண் சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.

அந்த ஞாயிறு அவன் வந்து மூலையில் உட்கார்ந்தான். அவன் செய்த பேனர் இல்லை அது. ஆனாலும், “இனிமே ஃபிளெக்ஸ் பண்ண மாட்டேங்க்கா” என்றான். வேறு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் ஒரு வடாம் பாக்கெட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். “இதுக்கு ஒரு லேபிள் போட்டுத் தா.”

அப்படித்தான் ஆரம்பம். வீட்டில் மசாலாப் பொடி, ஊறுகாய், சத்துமாவு செய்து விற்கிற பெண்கள் ராதாநகரிலும் அஸ்தினாபுரத்திலும் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். லேபிள் அழகாக இருந்தால் போதாது. பதினாலு இலக்க உணவு உரிம எண், சைவம் என்பதற்குப் பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். பல பேருக்கு அது தெரியாது. தம்பி உட்கார்ந்து படித்தான். ‘சட்டப்படி வேண்டியது எல்லாம் சேர்த்து லேபிள்’ என்று விலை சொன்னான். முதல் லேபிள் ஒன்று, முழு விலை. பாக்கெட்! மாமியாரிடமும் வாங்கினான். அவர் எண்ணிக் கொடுத்தார்.

கொரோனா ஊரடங்கு வந்ததும் மாடி பூட்டியாயிற்று. போனில் கூடினோம். யாரோ யாருக்கோ சொல்லி அறுபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் விலை சொல்லும் பயிற்சி வைத்தேன். ஒருவரும் முன்வரவில்லை. சேலையூர்கூட மைக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் தனியாகப் பேசும்போது சொன்னார்: “யார் யாரோ இருக்காங்கக்கா. அங்க எப்படி என் விலையைச் சொல்றது?” ஆறு வருஷம் பழகிய பதிமூன்று பேர் முன்னால் அந்தக் கூச்சத்தை விட்டவர் அவர். முகம் தெரியாத அறுபது பேர் முன்னால் அது அப்படியே திரும்பி வந்துவிட்டது. மாமியார் அந்த வருஷம்தான் போனார். அவருக்காக யாரும் நேரில் வர முடியவில்லை.

வழி சொன்னதும் சேலையூர்தான். அவர் அப்போது பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பற்றி ஏதோ மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1727-ல் ஃபிலடெல்ஃபியாவில், அச்சுத் தொழில் பார்த்த இளைஞராக இருந்தபோது, வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் ‘ஜுன்டோ’ என்ற சங்கத்தை ஃபிராங்க்ளின் தொடங்கினார். பன்னிரண்டு பேர். நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டவர்களிடம் அவர் கூட்டத்தைப் பெரிதாக்க ஒப்பவில்லை. ஆளுக்கொரு சங்கத்தைத் தனித்தனியாகத் தொடங்குங்கள் என்றார். ஐந்தாறுதான் உருவாயின. “நம்மளும் பிரிஞ்சிடலாங்க்கா” என்றார் சேலையூர். அந்த வார்த்தை கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் சரி என்று தெரிந்தது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஐந்து இடத்தில் ஐந்து பேர் ஆரம்பித்தார்கள். குரோம்பேட்டையிலும் கூடுவாஞ்சேரியிலும் நடப்பவை இரண்டு மட்டும் நிலைத்தன. கூடுவாஞ்சேரியை நடத்துவது வரதராஜபுரம் தம்பி. ஜமுக்காளம் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. பன்னிரண்டு.

நோட்டை மாடியில் வெயிலில் பிரித்து வைத்துவிட்டுச் சேலையூருக்குப் போன் போட்டேன். கிளாம்பாக்கத்தில் மதுரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அங்கே ஏதோ மாநாட்டில் இரண்டு நாள் மொழிபெயர்ப்பு.

“பின்பக்கம் இருக்காக்கா? அபராதப் பக்கம்?”

“இருக்கு. பால்பாயிண்ட்ல எழுதினது. ஒண்ணும் கரையல.”

“என் பேர் எத்தனை தடவை வருதுன்னு பாருங்களேன்.”

விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனேன். சேலையூர் 5, பம்மல் 5, சேலையூர் 5, சேலையூர் 5, வரதராஜபுரம் 5. ஓரிடத்தில் ‘மாடி 5’ என்றும் இருந்தது, அது நான். நாலாவது பக்கத்துக்குப் பிறகு சேலையூர் வரவில்லை.

“பதினேழு.”

“எண்பத்தஞ்சு ரூபாய்க்குப் போண்டா வாங்கிக் குடுத்திருக்கேன் உங்க எல்லாருக்கும்!” என்று சிரித்தார். பின்னாலே கண்டக்டர் மதுரை, மதுரை என்று கூவுவது கேட்டது.